கட்சியில்லாத மந்திரி

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் தேதி பதவி ஏற்றுக்கொண்ட சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரி சபையின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் சிறைவாசம் அநுபவித்த ஜவாஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், ராஜேந்திர பிரசாத், அபுல் கலாம் ஆஸாத் முதலியோருடைய பெயர்களுக்கு நடுவே, பிரிட்டிஷ் மன்னரிடம் ‘ஸர்’ பட்டம் பெற்றவரும், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவரும், அந்த இயக்கத்தார் வெறுத்த ஒரு வியாபார ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்டவருமான கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் நிதி இலாகா ஒப்படைக்கப்பட்டிருப்பது சற்று வியப்பாகவே இருக்கும். ஆர். கே. சண்முகம் செட்டியார் அந்தப் பதவியில் இருந்தது சரியாக ஓராண்டும் இரண்டு நாட்களும். அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் இரண்டு வரவு செலவுத் திட்டங்களைச் சமர்ப்பித்தார். பிளவுபட்ட ஒரு ராஜ்யத்தின் கடனையும் ரொக்கத்தையும் பங்கு போடும் வேலையில் ஈடுபட்டார். லண்டனுக்குப் போய்ப் பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய பெருங்கடனைப் பற்றிப் பேரம் பேசினார். பின்னர், வந்த வேகத்திலேயே ராஜினாமாச் செய்துவிட்டுப் போனார்.

காங்கிரஸ்காரர் அல்லாதவர்கள் அந்த மந்திரி சபையில் வேறு சிலரும் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் டாக்டர் அம்பேத்கருக்குப் பின்னால் ஒடுக்கப்பட்ட மக்களின் பெரிய சமூகம் ஒன்று நின்றது. சியாமா பிரசாத் முகர்ஜிக்குப் பின்னால் ஹிந்து மகாசபையும் வங்காளமும் நின்றன. சர்தார் பல்தேவ் சிங்குக்குப் பின்னால் சீக்கியர்கள் நின்றார்கள். சண்முகம் செட்டியாருக்குப் பின்னால் நின்றது அவருடைய அநுபவம் ஒன்றுதான். அவர் உயர்ந்ததற்கும் அதுவே காரணம், விழுந்ததற்கும் அதுவே பெரும்பாலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1892ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17ஆம் தேதி கோயம்புத்தூரில் வியாபாரக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த ஊரில் முதல் பஞ்சாலையை நிறுவி அப்போது நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து, ஊரைச் சுற்றிலும் கதிர்கள் சுழலத் தொடங்கியது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. பருத்திக் காட்டிலிருந்து பஞ்சு மண்டிக்கும், பஞ்சு மண்டியிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வங்கிக்கும் அந்தச் சீமை ஒரே தலைமுறையில் நடந்துவந்த வழியைச் செட்டியார் கண்ணெதிரே பார்த்தவர். அவருடைய குடும்பத்துக்கும் ஆலைத் தொழிலில் பங்கு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேர்ந்தபின், வக்கீல் தொழிலைவிடப் பொதுவாழ்வே அவரைக் கவர்ந்தது. நகரசபையில் தொடங்கி, ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்கும், பின்னர் மத்திய சட்டசபைக்கும் அவர் போய்ச் சேர்ந்தார். ஜஸ்டிஸ் கட்சியை விட்டுச் சுயராஜ்யக் கட்சியோடு சேர்ந்து, மோதிலால் நேருவின் அணியில் இருந்து வாதாடினார் என்பதைப் பலர் இப்போது மறந்துவிட்டார்கள். தென்னாட்டில் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரோடும் சுயமரியாதை இயக்கத்தாரோடும் அவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது. ஆக, ஒரே மனிதர் பத்து ஆண்டுகளுக்குள் மூன்று முகாம்களின் வாசற்படியை மிதித்திருந்தார். எந்த முகாமிலும் பாயை விரித்துப் படுத்துவிடவில்லை. சந்தர்ப்பவாதம் என்று இதை அந்நாளில் ஏசியவர்கள் உண்டு. கட்சி என்பது கொள்கையின் வாகனமே தவிர வீடு அல்ல என்று எண்ணியவர்கள் அக்காலத்தில் அநேகர். அவர்களில் ஒருவர் என்றே அவரை நான் கருதுகிறேன்.

மத்திய சட்டசபையில் அவருக்குக் கிடைத்த கீர்த்தி, வாய்வீச்சினால் வந்ததன்று. புள்ளி விவரங்களை நுனி நாக்கில் வைத்துக்கொண்டு, காப்பு வரி, நாணய மாற்று, ரெயில்வே வரவு செலவு போன்ற, மற்றவர்கள் கொட்டாவி விடும் விஷயங்களில் சர்க்கார் தரப்பு மெம்பர்களையே திருத்தக்கூடிய வல்லமையினால் வந்தது அது. அந்தச் சபையின் உபதலைவராகவும், 1933இல் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான் கானடா தேசத்து ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மகாநாடு கூடியது. இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராக அவர் அங்கே போய், பிரிட்டிஷ் சாமான்களுக்கு நம் துறைமுகங்களில் வரிச் சலுகையும், நம் சாமான்களுக்குப் பிரிட்டனில் வரிச் சலுகையும் அளிக்கும் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டு வந்தார். உலகமெங்கும் விலைகள் சரிந்து, விவசாயியின் விளைச்சலை வாங்குவாரில்லாத காலத்தில், ஒரு சந்தையையாவது உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்நியத் துணியை எரித்த தேசம் அந்நியச் சாமானுக்குச் சலுகை கொடுப்பதா என்பது தேசியவாதிகளின் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஜனங்கள் கணக்குப் போட்டு வோட்டளிக்கவில்லை. 1934இல் நடந்த தேர்தலில், சபைத் தலைவர் என்ற ஸ்தானமும் புதிதாகக் கிடைத்திருந்த ‘ஸர்’ பட்டமும் இருந்தும், அல்லது ஒருவேளை அவை இருந்ததனாலேயே, காங்கிரஸ் அலையில் அவர் தோற்றுப்போனார்.

தோல்வி அவரைக் கொச்சிக்குக் கொண்டுபோயிற்று. 1935 முதல் 1941 வரையில் அந்தச் சமஸ்தானத்தின் திவானாக இருந்த ஆறு ஆண்டுகளை, அவருடைய வாழ்க்கையின் மிகப் பயனுள்ள காலம் என்று சொன்னால் தவறாகாது. கொச்சித் துறைமுகத்தின் வாசலில் ஆண்டாண்டு காலமாகக் கப்பல்களை மறித்துக்கொண்டிருந்த மணல் திட்டை, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியியலாளர் அறுத்து வழி உண்டாக்கி, தோண்டிய மண்ணைக்கொண்டு காயல் நடுவில் வில்லிங்டன் தீவையே எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கப்பல் உள்ளே வந்தால் சுங்க வருமானம் வரும். அந்த வருமானத்தில் கொச்சிக்கு எவ்வளவு, திருவிதாங்கூருக்கு எவ்வளவு, இந்திய சர்க்காருக்கு எவ்வளவு என்பதுதான் நிஜமான சிக்கல். துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அங்கீகாரம் பெற்றது. ஜனங்களின் பிரதிநிதி ஒருவரிடம் சில இலாகாக்களை ஒப்படைக்கும் இரட்டை ஆட்சி முறையை, சுதேச சமஸ்தானங்களுக்குள் முதன்முதலாக 1938இல் ஏற்றுக்கொண்டதும் கொச்சிதான். எர்ணாகுளத்தில் காயலோரமாகப் போகும் சாலை இன்றைக்கும் சண்முகம் சாலை என்றே வழங்குகிறது. சொந்த ஊருக்கு வெளியே ஒரு மந்திரியின் பெயர் இத்தனை காலம் ஜனங்களின் வாயில் தங்குவது அபூர்வம்.

யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வேண்டிய தளவாடங்களைக் கொள்முதல் செய்யும் தூதுகோஷ்டியின் தலைவராக அவர் அமெரிக்காவுக்குப் போனார். 1944 ஜூலை மாதத்தில், அதே அமெரிக்காவில், பிரெட்டன் வுட்ஸ் என்ற மலையடிவார வாசஸ்தலத்தில் நாற்பத்துநான்கு தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, சர்வதேச நாணய நிதியையும் உலக வங்கியையும் உருவாக்கியபோது, இந்தியக் கோஷ்டியிலும் அவர் இருந்தார். கோஷ்டியின் தலைவர் ஸர் ஜெரிமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர். மற்றவர்களில் ரிஸர்வ் வங்கியின் கவர்னராயிருந்த சி. டி. தேஷ்முக்கும், பம்பாய்த் தொழிலதிபர் ஏ. டி. ஷ்ராப்பும் குறிப்பிடத் தக்கவர்கள். அடிமை தேசம் ஒன்று எஜமான தேசத்திடம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்ட விசித்திரமான காட்சி அங்கேதான் அரங்கேறியது.

அந்தக் கடனைச் சிறிது விளக்காமல் மேலே செல்ல முடியாது. யுத்த காலம் முழுவதும் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, தோல், சணல், தானியம், மனிதர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. விலையை ரொக்கமாகத் தராமல், லண்டனில் ரிஸர்வ் வங்கியின் பெயரில் பவுன் கணக்கில் வரவு எழுதி வைத்தது. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே நோட்டுகள் அச்சடிக்கப்பட்டன. யுத்தத்தின் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த நோட்டுகள், அது முடிவதற்குள் ஆறு மடங்குக்கு மேல் பெருகின, விலைவாசி ஏறிற்று, 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். லண்டனில் குவிந்திருந்த அந்தச் ‘ஸ்டெர்லிங் பாக்கி’, உண்மையில் உண்ணாமலும் உடுக்காமலும் இருந்தவர்களுடைய சேமிப்பு. அதை வேறு நாணயங்களாக மாற்றிக்கொள்ளப் புதிய நாணய நிதி உதவவேண்டும் என்று இந்தியப் பிரதிநிதிகள் கேட்டார்கள். பிரிட்டனின் சார்பில் வந்திருந்த பொருளியல் மேதை கீன்ஸ் பிரபு, கடனைக் கௌரவமாகத் தீர்ப்போம், ஆனால் அது எங்களுக்கும் உங்களுக்கும் இடையே பேசிக்கொள்ளவேண்டிய விஷயம் என்று சொல்லி, மகாநாட்டின் கதவை மூடிவிட்டார். கேட்டது கிடைக்கவில்லை. எனினும், கோப்பைப் புரட்டாமலே அந்தக் கடனின் சரித்திரத்தைச் சொல்லக்கூடிய ஓர் இந்தியர் தயாராகிவிட்டார்.

1947இல் அவரைத் தேடி மந்திரி பதவி வந்ததன் காரணத்தை இங்கேதான் காணவேண்டும். சத்தியாக்கிரகத்திலும் சிறையிலும் தேர்ந்த தலைவர்கள் காங்கிரஸில் நிறைய இருந்தார்கள். நாணய மாற்று விகிதத்திலும் பொதுக்கடன் பத்திரத்திலும் தேர்ந்தவர்கள் அத்தனை பேர் இல்லை. அந்த வித்தை சர்க்கார் உத்தியோகஸ்தர்களிடமும், வியாபாரிகளிடமும், சமஸ்தான திவான்களிடமும் தங்கியிருந்தது. மந்திரி சபை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதாக இல்லாமல் தேச முழுமைக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்ற உயர்ந்த எண்ணமும் அப்போது இருந்தது. தேவையும் பெருந்தன்மையும் ஒன்றுசேர்ந்த அந்த முகூர்த்தத்தில், நேற்றுவரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவரை அழைத்துக் கஜானாவின் சாவியைக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கஜானா முழுமையாக இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கும்போது, வயலையும் வீட்டையும் பிரித்து முடித்த பின்பும், அண்டா குண்டானுக்காகச் சண்டை நீடிப்பதுபோல, எல்லைக்கோடு கிழிக்கப்பட்ட பின்பும் பங்கீடு முடிந்தபாடில்லை. எச். எம். படேல், சவுத்ரி முகம்மது அலி என்ற இரண்டு உத்தியோகஸ்தர்கள், இந்தியாவுக்கு ஒருவரும் பாகிஸ்தானுக்கு ஒருவருமாக அமர்ந்து, ராணுவத் தளவாடங்கள் முதல் மேஜை நாற்காலிகள் வரையில் பிரித்தார்கள். பிரிவினைக்கு முந்திய அரசாங்கத்தின் கடன் முழுவதற்கும் வெளியாருக்கு இந்தியாவே பொறுப்பு என்றும், சொத்துக்கு மிஞ்சிய கடனில் நூற்றுக்குப் பதினேழரைப் பங்கைப் பாகிஸ்தான் இந்தியாவுக்குத் தவணை முறையில் திருப்பித் தரவேண்டும் என்றும் முடிவாயிற்று. புதிய தேசத்துக்குச் சொந்த நோட்டு அச்சாகும்வரை, நாசிக் அச்சுக்கூடத்தில் அடித்த இந்திய நோட்டுகளின்மேலேயே ‘பாகிஸ்தான் சர்க்கார்’ என்று முத்திரை பொறித்து அங்கே வழங்கினார்கள். சில மாத காலம் இரண்டு தேசங்களுக்கும் ரிஸர்வ் வங்கி ஒன்றே. எல்லையில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கையில், ஒரே வங்கியின் பேரேட்டில் இரு தரப்புக் கணக்குகளும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுவந்தன!

1947 நவம்பர் 26ஆம் தேதி, டில்லியின் வட்ட மாளிகையில், அரசியல் நிர்ணய சபை சட்டசபையாகக் கூடியிருந்தபோது, செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் சபைத் தலைவராக வீற்றிருந்த அதே கட்டடத்தில், இப்போது தலைவர் மாவ்லங்கரின் அநுமதியோடு அவர் எழுந்து நின்றார். முழு ஆண்டுக்கான திட்டமல்ல அது. ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச்சு 31 வரையில் ஏழரை மாதத்துக்கு மட்டும். வரவு ரூ. 171.15 கோடி, செலவு ரூ. 197.39 கோடி, துண்டு ரூ. 26.24 கோடி. செலவில் ஏறக்குறையப் பாதி, அதாவது ரூ. 92.74 கோடி, பாதுகாப்புக்குப் போயிற்று. எஞ்சியதில் அகதிகளை அழைத்துவந்து பராமரிப்பதற்கு ரூ. 22 கோடி, உணவு தானிய விலையைக் குறைத்து விற்பதால் வரும் நஷ்டத்துக்கு ரூ. 22.52 கோடி. மேற்கு எல்லையைத் தாண்டி வந்தவர்கள் குருக்ஷேத்திரத்தில் கூடாரங்களில் தங்கியிருந்த குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்துக்கும் அணைக்கட்டுக்கும் அந்தக் கணக்கில் அதிக இடம் இருந்திருக்க முடியாது.

இவ்வளவு பெரிய துண்டு விழுந்தும், புதிய வரிகளை அவர் அள்ளி வீசவில்லை. ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் சுங்கத்தை உயர்த்தியதோடு நிறுத்திக்கொண்டார். பஞ்சாலைச் சீமையிலிருந்து வந்த மந்திரி, தாம் விதித்த முதல் வரியைப் பஞ்சாலைச் சரக்கின்மேலேயே விதித்தார் என்பதை, பின்னால் அவர்மேல் சுமத்தப்பட்ட பழியை எடைபோடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1948 பிப்ரவரியில் வந்த இரண்டாவது திட்டத்தில், தொழில் லாப வரியைக் குறைத்து முதலாளிகளுக்குச் சலுகை காட்டினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. மூலதனம் பயந்து பதுங்கிக் கிடக்கும்போது தொழில் வளராது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்கும் தொழில் நிதிக் கார்ப்பொரேஷன் அந்த ஆண்டு தோன்றியது. பங்குதாரர்களின் சொத்தாக இருந்த ரிஸர்வ் வங்கியை அரசாங்கம் ஏற்கும் என்ற அறிவிப்பும் அவர் காலத்தில்தான் வெளியாயிற்று. வங்கி கைமாறியது 1949 ஜனவரி முதல் நாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

இரண்டு திட்டங்களுக்கும் நடுவே வந்தது ஐம்பத்தைந்து கோடி விவகாரம். ரொக்க இருப்பில் பாகிஸ்தானின் பங்கு ரூ. 75 கோடி என்று தீர்மானித்து, 20 கோடியை முன்னமே கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுப்பதாக டிசம்பரில் உடன்பாடு கண்ட பிறகு, காஷ்மீரில் சண்டை மூண்டிருக்கையில் கொடுக்கும் பணம் நம்மேல் பாயும் குண்டாக மாறும் என்று மந்திரி சபை தயங்கி நிறுத்தி வைத்தது. படேலோடு சேர்ந்து அந்தத் தீர்மானத்தைப் பகிரங்கமாக ஆதரித்துப் பேசும் கடமை நிதி மந்திரிக்கு ஏற்பட்டது. 1948 ஜனவரி 13ஆம் தேதி மகாத்மா காந்தி உபவாசம் தொடங்கினார். அந்த உபவாசம் டில்லியில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக வாழவேண்டும் என்பதற்காகத்தான் என்றாலும், ஒப்புக்கொண்ட பணத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது அவருடைய மனத்தை உறுத்தியது என்பதை அனைவரும் அறிவார்கள். இரண்டே தினங்களில் சர்க்கார் பணத்தைக் கொடுப்பதாக அறிவித்தது. சில நாட்களுக்கு முன் கொடுக்கலாகாது என்பதற்கு நியாயம் சொன்ன அதே மந்திரி, இப்போது கொடுப்பதற்கு ஏற்பாடு செய்யவேண்டியவரானார். ராஜதந்திரத்தில் இது சகஜம். ஆயினும் கணக்கு வழக்கில் தீர்ந்த விஷயத்தை மனச்சாட்சி மறுபடி திறக்க முடியும் என்பதை, ஒட்டாவாவிலும் பிரெட்டன் வுட்ஸிலும் பயின்ற ஒருவர் அந்த மூன்று நாட்களில் நேருக்கு நேர் கண்டிருப்பார்.

ஜூன், ஜூலை மாதங்களில் அவர் லண்டனில் இருந்தார். பிரெட்டன் வுட்ஸில் கீன்ஸ் ஒத்திப்போட்ட பேச்சு இப்போதுதான் நடந்தேறியது. பாக்கி ஏறக்குறைய 116 கோடிப் பவுன். யுத்த முடிவில் இந்தியாவில் விட்டுச் சென்ற ராணுவச் சாமான்களின் விலைக்காக 10 கோடிப் பவுனும், ஓய்வுபெற்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களின் பென்ஷனை ஒரே மொத்தமாகத் தீர்ப்பதற்காக, மாகாணங்களின் பங்கும் சேர்த்து, 16 கோடியே 80 லட்சம் பவுனும் அதிலிருந்து கழிக்கப்பட்டன. அடுத்த மூன்று ஆண்டுகளில் புதிதாக எடுத்துச் செலவிடலாம் என்று விடுவிக்கப்பட்டது 8 கோடிப் பவுன். நம்மை ஆண்டவர்களுக்கு அறுபது ஆண்டுப் பென்ஷனை நாமே முன்கூட்டி அழுவதா என்று சபையிலும் பத்திரிகைகளிலும் கண்டனம் எழுந்தது. உணர்ச்சிக்கு உரிய கேள்விதான். ஆனால் பென்ஷன் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு, அதைப் பிற்காலத்தில் அருமையாகச் சம்பாதிக்கும் அந்நியச் செலாவணியிலிருந்து ஆண்டுதோறும் கொடுப்பதைவிட, லண்டனில் முடங்கிக் கிடந்து, எப்போது குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சவேண்டியிருந்த பாக்கியிலிருந்து கொடுத்துத் தீர்ப்பது வியாபார ரீதியில் புத்திசாலித்தனம். யுத்தக் கடனில் ஒரு பகுதியை ரத்துச் செய்யவேண்டும் என்ற பேச்சு பிரிட்டனில் பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. கடனைக் குறைக்காமல் ஒப்புக்கொள்ளச் செய்ததே அந்தப் பேரத்தின் சாரம்.

அவர் திரும்பி வந்த வேளையில் இங்கே வேறொரு கணக்கு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூலத்தை அறிய, பிரிவினைக்கு முன்னால் இடைக்கால சர்க்காரில் நிதி மெம்பராக இருந்த லியாகத் அலி கான் 1947 பிப்ரவரியில் சமர்ப்பித்த திட்டத்துக்குப் போகவேண்டும். யுத்த காலத்தில் கொழுத்த லாபம் சம்பாதித்து வரி செலுத்தாமல் மறைத்தவர்களைக் கண்டுபிடிக்க, ஒரு விசாரணைக் கமிஷனை நியமிக்கும் சட்டம் அந்தத் திட்டத்தோடு வந்தது. லியாகத் அலி கராச்சிக்குப் போய்விட்டார். அவர் போட்ட சட்டம் டில்லியில் நின்றது. எந்த எந்த ஆசாமிகளுடைய விவகாரங்களைக் கமிஷனுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது சர்க்காருக்கே கொடுத்திருந்தது. அனுப்புவதற்கு 1948ஆம் ஆண்டைத் தாண்டாத ஒரு கெடுவையும் விதித்திருந்தது. எவரைச் சேர்ப்பது, எவரை விடுவது என்ற பொறுப்பு இப்படி ஒரு மந்திரியின் இலாகாவில் வந்து இறங்கினால், அங்கே புகைச்சல் எழாமல் இருக்குமா? கமிஷனுக்கு அனுப்பப்பட்ட சில பெயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் கோயம்புத்தூர் ஆலை முதலாளிகளுடைய பெயர்களும் இருந்தன. ஆகஸ்டு மாதத்தில் சபையில் கேள்விகள் எழுந்தன. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயர்களை நீக்கியிருந்தால் அது நிர்வாகத் தவறு என்ற அளவில் நின்றிருக்கலாம். நீக்கியவர் கோயம்புத்தூர்க்காரர் என்றதும் அதற்கு வேறு வர்ணம் ஏறிவிட்டது. பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு, 1948 ஆகஸ்டு 17ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

அவர் சுயலாபம் கருதிச் செய்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. விவேகமாகச் செய்தார் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சொந்த ஊர்க்காரருடைய கோப்பு மேஜைக்கு வந்தால் அதை வேறொருவர் கைக்கு மாற்றிவிடுவதே மந்திரிக்கு உசிதமானது. ஆனால் அந்த வாரத்தில் அவருக்காக எழுந்து நின்று பேச ஒரு கட்சி இருந்திருந்தால், முடிவு அத்தனை விரைவில் வந்திராது என்பதும் நிச்சயம். காங்கிரஸுக்கு அவர் விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டுக்காரர்கள் தெருவில் இறங்கி வாதாடுவதில்லை.

அந்த நாற்காலியின் பிற்காலச் சரித்திரமும் இதை ஒட்டியே சென்றது. இடையில் சில வாரங்கள் க்ஷிதீஷ் சந்திர நியோகி நிதி இலாகாவைப் பார்த்துக்கொண்ட பின், ஜான் மத்தாய் வந்தார். சென்னையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, டாட்டா கம்பெனிக்குப் போய், அங்கிருந்து அரசாங்கத்துக்கு வந்தவர். திட்டக் கமிஷனின் அதிகார எல்லையைப் பற்றி மாறுபட்டு 1950இல் ராஜினாமாச் செய்தார். அடுத்து வந்த தேஷ்முக், பம்பாய் நகரத்தின் எதிர்காலத்தைப் பற்றிய தகராறில் 1956இல் விலகினார். அவருக்குப் பின் வந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை வாங்கிய விவகாரத்தில் 1958இல் வெளியேறினார். அப்போது நிதி இலாகாவின் பிரதம காரியதரிசியாக இருந்து அதே சூறாவளியில் சிக்கியவர், பிரிவினையின்போது மேஜை நாற்காலியைப் பங்கு போட்ட அந்த எச். எம். படேல்தான். (பிற்காலத்தில், 1977இல், அவரே நிதி மந்திரியாகவும் வந்தார்.) வரவு செலவுத் திட்டம் சமர்ப்பித்த முதல் நான்கு நிதி மந்திரிகளும் ராஜினாமாவிலேயே முடிந்தார்கள். நால்வருமே நிபுணர்கள் அல்லது வியாபாரிகள். நால்வரில் ஒருவரும் இயக்கத்தின் மடியில் வளர்ந்தவரல்லர். செட்டியாரைச் சாய்த்த விசாரணைக் கமிஷன் சட்டத்துக்கும் ஆயுள் நீடிக்கவில்லை. ஒரே குற்றத்துக்குச் சிலரைச் சாதாரண வருமானவரிச் சட்டத்தின்படியும், சிலரைக் கடுமையான கமிஷன் முறைப்படியும் நடத்துவது சமத்துவ உரிமைக்கு விரோதமானது என்று சுப்ரீம் கோர்ட்டு 1954இலும் 1955இலும் தீர்ப்பளித்து, அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாமல் ஆக்கிற்று.

பதவி போன பின்பு அவர் ஊர் திரும்பியது சும்மா இருப்பதற்காக அல்ல. மந்திரியாவதற்கு முன்னமே, தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் வேண்டும் என்று ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் அவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி வெளியிட்டவர். வணிகக் குலத்துக் கதையை அந்த வணிகர் எப்படிப் படித்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகவாவது தமிழன்பர்கள் அந்த உரையை ஒருமுறை புரட்டலாம். புலவர்களின் உரையில் காணாத உலகியல் வாசனை அதில் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1952இல் வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டுரிமையோடு நடந்த முதல் பொதுத்தேர்தலில், எந்தக் கட்சியின் சீட்டையும் வாங்காமல் நின்று, சென்னைச் சட்டசபைக்குச் சுயேச்சை அங்கத்தினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1934இல் அவரைத் தோற்கடித்த காங்கிரஸுக்கு அப்போது தமிழ்நாட்டில் தலைமை வகித்த ராஜாஜிதான் இப்போது முதன்மந்திரி. பெரும்பான்மை இல்லாத காங்கிரஸும், எண்ணிக்கையில் அதை நெருங்கி நின்ற எதிர்க்கட்சிகளும் ஒவ்வொரு வோட்டையும் எண்ணிக்கொண்டிருந்த அந்தச் சபையில், சுயேச்சைகளின் வரிசையில் அவர் ஓராண்டு காலம் அமர்ந்திருந்தார், 1953இல் காலமானார்.